சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள்: டர்பனில் முதல் ஆறு மாதம், எதை முதலில், எதைப் பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில், எங்கள் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கூடுவோம். புதிதாகச் சர்க்கரை என்று தெரியவந்தவர்கள் வருவார்கள். எனக்கு இது வந்து பதினோரு வருடம். நான் மருத்துவர் இல்லை. கிளினிக் வரிசையில் நின்றும், தவறு செய்தும், மற்றவர்களுக்குத் துணையாகப் போயும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. எல்லாவற்றையும் செய்கிறார்கள், ஆனால் வரிசை தப்பிச் செய்கிறார்கள். முதல் நாளே சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தபடி விழுங்குகிறார்கள். மூன்றாம் நாள் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. “மாத்திரை ஒத்துக்கவில்லை” என்று அதையும் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய சோறு, பழைய சர்க்கரை, மாத்திரை மட்டும் இல்லை. அதனால்தான் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கானது. முதல் வகை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வழி வேறு. அவர்கள் முதல் நாளிலிருந்தே மருத்துவமனையின் கையில் இருக்க வேண்டும். அடங்காத தாகம், வேகமாக இளைப்பது, வாந்தி, ஆழமாக மூச்சு வாங்குவது இவை சேர்ந்து வந்தால் படிகளெல்லாம் பிறகு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

1. தொடங்கும் முன் கையில் சேர்க்க வேண்டியவை

கோடு போட்ட சின்ன நோட்டு ஒன்று. கைபேசியில் எழுதலாமே என்று பிள்ளைகள் சொல்வார்கள். எழுதலாம்தான், ஆனால் டாக்டர் உங்கள் கைபேசியை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்க்க மாட்டார். நோட்டை ஒரே பார்வையில் பார்த்துவிடுவார்.

சர்க்கரையை அளக்கும் மீட்டர். வாங்கும் முன் அதில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலையைக் கேளுங்கள். மீட்டர் மலிவு, சில இடங்களில் இலவசமாகவே கிடைக்கும், செலவெல்லாம் ஸ்ட்ரிப்பில்தான். ஒரு மீட்டரின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் ஓடாது. அரசு கிளினிக்கில் ஸ்ட்ரிப் பெரும்பாலும் இன்சுலின் போடுகிறவர்களுக்குத்தான் தருவார்கள். மாத்திரைக்காரர்கள் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் ஒரு தாளில் வேண்டும். பிரஷர், காசநோய், எச்.ஐ.வி., மூட்டுவலி என்று எதற்கானதாக இருந்தாலும் எழுதுங்கள். சில மருந்துகள் சர்க்கரை மாத்திரையின் வேகத்தையே மாற்றிவிடும். எச்.ஐ.வி.க்கான டொலுடெக்ராவிர் எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைவாக வைப்பார்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் பலத்தைக் குறைத்துவிடும். வெட்கப்பட்டு மறைத்தால் டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து எழுதுகிறார் என்றுதான் அர்த்தம்.

மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, உள்ளவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். சர்க்கரை நோய், சட்டப்படி எல்லாத் திட்டங்களும் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது தானாக நடக்காது. டாக்டர் நிரப்பிய படிவத்தை அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் ஒரு வருடம் முழுக்க அந்தத் திட்டத்திலுள்ள தங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்தே மருந்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. எண் எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள்

நம்மவர்கள் மட்டும் தடுக்கி விழும் இடம் இது. சர்க்கரை என்று தெரிந்த அன்று இரவே யூடியூபில் சென்னை டாக்டர்களின் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம். அங்கே 126, 180, 200 என்று பேசுவார்கள். இங்கே மீட்டர் 7, 10, 11 என்று காட்டும். ஒரு தாத்தா தன் மீட்டரில் 14 வந்ததைப் பார்த்துவிட்டு, “அவர் 140 வரைக்கும் பரவாயில்லைன்னாரே, எனக்கு 14தானே” என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய 14, அந்த ஊர்க் கணக்கில் 252.

தமிழ்நாட்டில் மில்லிகிராமில் அளக்கிறார்கள், தென்னாப்பிரிக்காவில் மில்லிமோலில். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். 4 என்பது 72, 7 என்பது 126, 10 என்பது 180. நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வையுங்கள்.

வெறும் வயிற்றில் 7 அல்லது அதற்கு மேல், அல்லது எச்.பி.ஏ.1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்கிறார்கள். உடம்பில் எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். எச்.பி.ஏ.1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. அதற்கு முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. 7 சதவீதம் என்றால் சராசரி ஏறத்தாழ 8.6.

பலருக்கும் சொல்லப்படும் இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 4 முதல் 7 வரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 10க்குக் கீழே, எச்.பி.ஏ.1சி 7க்குக் கீழே. வயதானவர்கள், இதய நோயாளிகள், அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவர்கள் போன்றோருக்கு டாக்டர் இதைத் தளர்த்துவார். “என் எண் எது?” என்று கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கு உங்களுக்கு வேண்டாம்.

3. உங்கள் மாத்திரை எது, என்ன செய்யும்

சாப்பாட்டைப் பற்றிய படிக்கு முன் இதைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம், எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தே சாப்பாட்டில் எவ்வளவு வேகமாகக் கை வைக்கலாம் என்பது இருக்கிறது.

பெரும்பாலும் முதலில் வருவது மெட்ஃபார்மின். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வயிறு பொருமும், வெளிக்குப் போகும். அதனால்தான் சின்ன அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பலர் இந்த இரண்டு வாரத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல், வயிறு படுத்துகிறது என்று சிஸ்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றலாம், மெல்லக் கரையும் வகை மாத்திரையும் உண்டு. இது மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது.

அடுத்தது கிளிக்லசைட், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை. இவை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று இவற்றுக்குத் தெரியாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். “ஒரு வேளை சாப்பிட முடியாவிட்டால் இந்த மாத்திரையை என்ன செய்வது?” என்ற கேள்வியை, எழுதிக் கொடுக்கிற அன்றே கேட்டுவிடுங்கள்.

சர்க்கரைக்கு என்று போனால் பிரஷர் மாத்திரையும் கொழுப்புக்கான ஸ்டாட்டினும் சேர்த்துக் கொடுப்பார்கள். “எனக்குச் சர்க்கரை மட்டும்தானே” என்று அவற்றை டிராயரில் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். சர்க்கரை நோயாளிகளை அதிகம் வீழ்த்துவது மாரடைப்பும் பக்கவாதமும்தான். அந்த இரண்டு மாத்திரையும் அதற்காகத்தான்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம் எல்லாம் பெரியம்மாக்களின் வைத்தியம். கறியாகச் சாப்பிடுங்கள், தடையில்லை. தினமும் டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பதானால் அதையும் மருந்துப் பட்டியலில் எழுதுங்கள், ஏனென்றால் மாத்திரையோடு சேர்ந்து அது சர்க்கரையை அதிகம் இறக்கிவிடலாம். மாத்திரைக்குப் பதிலாகக் குடிப்பது வேறு கதை. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு, மாதாமாதம் கிளினிக் வரிசையில் நிற்காமல் வெளியே ஒரு பார்மசியில் பொட்டலமாக மருந்து வாங்கிக்கொள்ளும் ‘டப்லாப் மெட்ஸ்’ ஏற்பாடு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். இதில் ஒரு பொறியும் உண்டு. பொட்டலம் ஒழுங்காக வருகிறதே என்று ஒரு வருடம் ரத்தமே பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை தேதியைப் பொட்டலத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

4. சோற்றில் கை வைப்பதற்கு முன்: சர்க்கரை இறங்கினால்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கினால் என்றாவது ஒருநாள் சர்க்கரை இறங்கலாம். அன்றைக்கு என்ன செய்வது என்று உங்களுக்கும், உங்களோடு வீட்டில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அறிகுறிகள்: வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், பேச்சுக் குழறல். சிலருக்குக் கோபம்தான் முதலில் வரும். எங்கள் வீட்டில் நான் காரணமில்லாமல் கத்தினால் மனைவி சண்டைக்கு வருவதில்லை, மீட்டரை எடுத்து வருவாள்.

மீட்டரில் 4க்குக் கீழே இருந்தால், அல்லது அளக்க வழியே இல்லாவிட்டால், மூன்று தேக்கரண்டிச் சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். சாதாரண கூல்டிரிங்க் அரை டம்ளரும் ஆகும். ‘ஜீரோ’ என்று போட்டது ஆகாது, அதில் சீனி இல்லை. 15 நிமிடம் பொறுத்து மறுபடி அளங்கள். இன்னும் 4க்குக் கீழேயென்றால் மறுபடி அதே அளவு. ஏறியதும் ஒரு துண்டு ரொட்டியோ அடுத்த வேளைச் சாப்பாடோ சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும்.

சாக்லேட் கொடுப்பது பழக்கமான தவறு. அதிலுள்ள கொழுப்பு, சீனி ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். பயத்தில் பாதிப் பொட்டலம் பிஸ்கட்டைத் தின்று 4ஐ 18 ஆக்குவது அடுத்த தவறு. அந்தப் பதினைந்து நிமிடம் மிக நீளமாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.

ஆள் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 10177க்கு அடியுங்கள், கைபேசியிலிருந்து 112. கிளிக்லசைட் வகை மாத்திரையால் மோசமாக இறங்கியிருந்தால், எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அந்த மாத்திரையின் வேலை பல மணி நேரம் தொடரும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பார்த்தது கிளினிக் வரிசை மயக்கம். காலை ஐந்து மணிக்கு டாக்சி பிடிக்கிறார்கள். ‘ரத்தம் எடுப்பார்கள்’ என்று சாப்பிடுவதில்லை. பழக்க தோஷத்தில் மாத்திரையை மட்டும் போட்டுவிடுகிறார்கள். பத்து மணிக்கு வரிசையிலேயே சாய்ந்துவிடுகிறார்கள். எச்.பி.ஏ.1சிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. எந்தப் பரிசோதனை, பட்டினியாக வர வேண்டுமா, மாத்திரையை எப்போது போடுவது என்ற மூன்றையும் முந்தின முறையே சிஸ்டரிடம் கேட்டு வையுங்கள். பட்டினிதான் என்றால் மாத்திரையையும் சாப்பாட்டையும் பையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த கையோடு இரண்டையும் முடியுங்கள்.

5. விரலில் குத்துவது: ஜோடி ஜோடியாக

தினமும் காலையில் மட்டும் குத்திப் பார்ப்பவர்கள் உண்டு. 9, 8.8, 9.2 என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அந்த எண்கள் சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஸ்ட்ரிப் விலைக்கு வழி இதுதான்: வாரம் மூன்று நாள், ஒரு நாளுக்கு ஒரு ஜோடி. சாப்பிட உட்காரும் முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்று எழுதுங்கள். ‘சோறு’ என்று எழுதினால் போதாது. ‘இரண்டு கப் சோறு, டபுள் பீன்ஸ் கறி, இரண்டு உருளைக்கிழங்கு’ என்று எழுத வேண்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்தச் சாப்பாடு உங்களை என்ன செய்தது என்பது அதில்தான் தெரியும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்த அளவு போதாது. எத்தனை முறை என்று டாக்டர் சொல்வார்.

கையைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் மீட்டர் மாம்பழத்தையும் சேர்த்து அளக்கும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை மூடியே வையுங்கள். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் திறந்து கிடக்கும் ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது.

6. சாப்பாடு: ஒரு வாரத்தில் ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள்

இப்போதுதான் சோற்றுக்கு வருகிறோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, பதினைந்து நாளில் அலுத்தும் போகும். நோட்டில் எந்த வேளை இடைவெளி பெரிதாக இருக்கிறதோ அந்த வேளையை மட்டும் முதல் வாரம் எடுங்கள்.

அதற்கும் முன் குடிப்பதைப் பாருங்கள். கோக், தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் ஓரோஸ், ஜூஸ், மூன்று கரண்டிச் சீனி போட்ட டீ இவற்றை நிறுத்தினாலே பலருக்குக் காலை எண் இறங்கிவிடுகிறது. ‘100 சதவீதம் பழம்’ என்று போட்ட ஜூஸிலும் சீனி கூல்டிரிங்க் அளவுக்கு இருக்கும். டீயில் சீனியை ஒரேயடியாக விட முடியாதவர்கள் வாரம் அரைக்கரண்டி குறைத்துக்கொண்டு வாருங்கள். டீயில் தோய்க்கும் ரஸ்க்கும் கணக்கில் சேர்த்தி.

அடுத்து மாவுச்சத்து. ஒரு பங்கு என்பது 15 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு பிரெட் ஒரு பங்கு. மூன்றில் ஒரு கப் சோறு ஒரு பங்கு, அதாவது ஒரு கப் சோறு மூன்று பங்கு. ஒரு வேளைக்கு எத்தனை பங்கு என்பதை டயட்டீஷியன் உங்கள் எடைக்கும் மருந்துக்கும் ஏற்றபடி சொல்வார்.

இந்தக் கணக்கில் குவார்ட்டர் பன்னியை, அதாவது குடைந்த கால் பிரெட்டுக்குள் கறி நிரப்பிய நம் டர்பன் சாப்பாட்டை, போட்டுப் பாருங்கள். 700 கிராம் பிரெட்டில் கால்வாசி 175 கிராம். அதில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து. ஐந்து ஆறு துண்டு பிரெட்டை ஒரே மூச்சில் தின்பதுதான் அது. உள்ளே உருளைக்கிழங்கு வேறு. பன்னியை வாழ்நாள் முழுக்க விடச் சொல்லவில்லை, நானும் விடவில்லை. கறியைத் தனியாக வாங்கி, இரண்டு துண்டு பிரெட்டோடும் ‘சம்பல்’ என்கிற கேரட் சாலட்டோடும் சாப்பிடுகிறேன். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார்.

நம் கறிகளில் உருளைக்கிழங்கு இல்லாமல் இருக்காது. ‘கிரேவி சோக்கர்ஸ்’ என்று செல்லமாகச் சொல்கிறோம். சோறும் கிழங்கும் ஒரே தட்டில் இருந்தால் இரண்டு மாவு. ஒன்றை எடுங்கள். கிழங்குதான் உயிர் என்றால் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அரிசியை விட்டுவிட்டு, மக்காச்சோளத்தை உடைத்த மீலி ரைஸுக்கும் மக்காச்சோள மாவில் செய்யும் புட்டுவுக்கும் மாறி ஏமாந்தவர்கள் உண்டு. அந்தச் சோளமும் மாவுதான், மடும்பி என்கிற சேப்பங்கிழங்கும் மாவுதான். மாற்றுவதைவிட அளவுதான் முக்கியம். ‘ஷுகர் பீன்ஸ்’ என்ற பெயரைக் கேட்டே பயந்து ஒதுக்கியவர்களும் இருக்கிறார்கள். அது மொச்சை, கட்ரா பீன்ஸ் போல நல்ல பருப்பு வகை. நார்ச்சத்து அதிகம், சோற்றைப் போலச் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றாது. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பீன்ஸ் கறியைக் கூட்டுவதுதான் நம் சமையலில் நான் கண்ட லேசான மாற்றம்.

தட்டில் பாதி கீரை, முட்டைக்கோஸ், பச்சை பீன்ஸ், கத்தரிக்காய். கால்வாசி மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. மீதிக் கால்வாசி சோறோ ரொட்டியோ. முதலில் காய், கடைசியில் சோறு என்ற வரிசையில் சாப்பிட்டால் பலருக்கு ஏற்றம் குறைகிறது. உங்கள் நோட்டில் ஒரு ஜோடி குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் லிச்சி! பெட்டியோடு வாங்கி வராந்தாவில் உட்கார்ந்தால் எண்ணிக்கையே தெரியாது. ஒன்பது பத்து லிச்சி ஒரு பங்கு. எண்ணிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். தீபாவளித் தட்டும் அப்படித்தான்: ஒரு பர்ஃபி, உட்கார்ந்து, ருசித்து. நின்றபடியே வீட்டுக்கு வீடு தின்பதில்தான் கணக்குத் தப்பும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாதீர்கள். அது ஒரு மாதம்கூட நிலைக்காது. சமைக்கிறவரையும் ஒருமுறை டயட்டீஷியனிடம் கூட்டிப்போங்கள், உப்பும் எண்ணெயும் அவர் கையில்தானே இருக்கிறது.

7. நடை

வாரம் 150 நிமிடம் என்பது பொதுவான அறிவுரை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடந்து பழகத் தொடங்குங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் சர்க்கரை ஏறுகிறது, நடக்கிற தசை அதை இழுத்துக்கொள்ளும். இருட்டில் தெருவில் நடக்க எங்கள் பக்கம் யாருக்கும் தைரியம் வராது. முற்றத்திலோ வீட்டுக்குள்ளோ நடங்கள், பகலில் மால் உள்ளே குழுவாக நடங்கள். கிளிக்லசைட் வகையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் சீனி வைத்திருங்கள். நெஞ்சு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

8. பாதங்களைத் தினமும் பாருங்கள்

சர்க்கரை நரம்பை மெல்ல மரக்க வைக்கும். வலி தெரியாத காலில் முள் குத்தினாலும் தெரியாது. அதனால் கண்ணால் பார்க்க வேண்டும்: இரவு படுக்கும் முன் விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வையுங்கள், அல்லது பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். குளிக்கும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். காலணிக்குள் கை விட்டுத் தடவிவிட்டுப் போடுங்கள். புண், கொப்புளம், நிறமாற்றம், ஒரு கால் மட்டும் சூடாக வீங்குவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு மூன்று வாரம் கழித்து வந்த ஒருவர் கட்டைவிரலை இழந்தார்.

9. விரதம், காவடி, தீமிதி

இதைப் பற்றி டாக்டர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. புரட்டாசியில் மரக்கறி மட்டும் சாப்பிடுவதில் தொந்தரவு இல்லை. மீனும் கோழியும் போன இடத்தைச் சோறும் கிழங்கும் நிரப்பிவிடாமல் பருப்பைக் கூட்டினால் சரி. ஒருவேளை மட்டும் உண்ணும் விரதம் அப்படியல்ல. மாத்திரையோ இன்சுலினோ அதற்கேற்ப மாற வேண்டும். நான்கு வாரம் முன்பே டாக்டரிடம் தேதியைச் சொல்லுங்கள். “சாமி விரதம்” என்று சொன்னால் போதாது. எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று எழுதிக் கொண்டு போங்கள். விரதத்திலும் குத்திப் பாருங்கள். 4க்குக் கீழே போனால் அங்கேயே விரதத்தை முறித்துவிட வேண்டும்.

தைப்பூசக் காவடிக்கு வெறுங்காலில் நடக்கிறோம். அந்த மாதம் இங்கே கோடை, தார்ச்சாலை கொதிக்கும். கால் மரத்தவருக்குக் கொப்புளம் வந்ததுகூடத் தெரியாது. காவடிக்கு முந்தின மாதம் கிளினிக்கில் கால் உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. உணர்வு குறைந்தவர் வெறுங்காலில் நடக்கவோ தீ மிதிக்கவோ வேண்டாம் என்றே சொல்வேன். என் கால் மரத்துப்போன வருடத்திலிருந்து நான் காவடி எடுப்பதில்லை. காவடி எடுப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் மேசையில் நிற்கிறேன். முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது.

10. டாக்டரைப் பார்க்கும் நாள்

உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம்கூட இருக்காது. நோட்டில் மூன்று கேள்வியை முன்பே எழுதுங்கள், முக்கியமானதை முதலில். “எல்லாம் சரிதான் டாக்டர்” என்று தொடங்காதீர்கள். அவரும் அப்படியே எழுதிவிடுவார். மாத்திரை தவறிய நாட்களை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் அளவு போதவில்லை என்று கூட்டிவிடுவார், அதை நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கும் நாளில் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும்.

வருடத்தில் நடந்தாக வேண்டியவற்றைக் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு வையுங்கள். எச்.பி.ஏ.1சி கட்டுக்குள் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மருந்து மாறியிருந்தால் மூன்று மாதத்தில். கண்ணின் விழித்திரை, கால், சிறுநீரகத்துக்கான ரத்தமும் சிறுநீரும் வருடம் ஒருமுறை. பிரஷர் ஒவ்வொரு முறையும். பார்வை நன்றாக இருக்கிறதே என்று கண்ணைத் தள்ளிப்போடாதீர்கள். விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வையில் ஒன்றும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை கேளுங்கள். இந்த நாட்டில் காசநோய் அதிகம், சர்க்கரைக்காரர்களுக்கு அது எளிதில் பற்றும்.

11. இன்சுலின் என்று சொன்னால்

கடைசிக் கட்டம் என்று அழாதீர்கள். வருடங்கள் போகப்போகக் கணையம் களைத்துவிடும், அவ்வளவுதான். சிஸ்டர் முன்னால் நீங்களே ஒருமுறை போட்டுக்காட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

ஒரே இடத்தில் குத்தினால் தோல் கட்டிப்படும், மருந்து ஒழுங்காக இறங்காது. வயிற்றில் இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். திறக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல. உறைந்துபோனதை எறிந்துவிட வேண்டும். திறந்து பயன்படுத்துவதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வைக்கலாம். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று அட்டையைப் பாருங்கள், திறந்த தேதியை அதன் மேல் எழுதுங்கள். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள், சில மணி நேரம் தாங்கும். நாள்கணக்கில் போனால் ஈரத்துணி சுற்றிய மண்பானை உதவும். காரின் டேஷ்போர்டில் மட்டும் விட்டுவிடாதீர்கள். குத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துக் கிளினிக்கில் கொடுங்கள். குப்பைப் பையில் போட்டால் குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தும்.

12. காய்ச்சல், வாந்தி வந்த நாள்

சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலில் சர்க்கரை ஏறும். அதனால் இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது, அளவை டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள். மெட்ஃபார்மின் வேறு விஷயம்: வாந்தி பேதியில் உடம்பு வறண்டால் அதைச் சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் அதே. அப்படி ஒரு நாளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

அன்றைக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குத்திப் பாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். குடித்தது நிற்காமல் வெளியே வந்தாலோ, சர்க்கரை 15க்கு மேலேயே நின்றாலோ, மயக்கமோ ஆழ்ந்த மூச்சோ வந்தாலோ வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். நோட்டையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அந்த இரண்டும் இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். எங்கள் வீட்டில் அது ஃப்ரிட்ஜ் மேல், ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால்.